ஒரு பக்கம்

பழைய நாளிதழின் ஓரத்தைக் கிழிக்கிறேன். இரண்டு விரல் அகலம். ஒரு முழ நீளம்.

ஒரு முனையைப் பாதித் திருப்பு திருப்பி, மறுமுனையோடு சேர்க்கிறேன். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை.

காயும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

*

மோபியஸ் பட்டை.

1858. ஜெர்மானியர் இருவர், தனித்தனியே, இதைக் காண்கிறார்கள். மோபியஸ். லிஸ்டிங். இருவருக்கும் ஒரே ஆண்டு. ஒருவர் பெயர் மட்டும் பட்டையோடு ஒட்டிக்கொண்டது.

*

ஓசெ டெக்ஸ்மோன் ரிக். நார்வேச் சிற்பி. பிறப்பு 1925.

பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஓசெ. காதில் 'ஓசை' என்றே விழுகிறது.

படத்தில் அவருடைய வெண்கல மோபியஸ் வளையம். பார்க்கப் பார்க்க அறை அமைதியாகிறது.

*

பிறந்தது நார்வேயின் வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே.

அங்கே கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் மறைவதில்லை. நள்ளிரவில் தாழ்ந்து வருகிறது. அடிவானத்தைத் தொடாமல் மறுபடி ஏறுகிறது. குளிர்காலத்தில் பல வாரங்கள் எழுவதே இல்லை.

நேற்று எங்கே முடிகிறது என்று அந்தக் குழந்தை யாரைக் கேட்டிருக்கும்?

கேட்டிருக்காது. பிறந்த ஊர் வெயில் யாருக்கும் புதிரில்லை.

*

கட்டைவிரல் மரத்துப்போகிறது. பிடியை மாற்றிக்கொள்கிறேன்.

*

நாற்பதுகள். ஓஸ்லோ. போர் முடிந்த நகரம்.

கலைக் கழகத்தில் ஆசிரியர் பெர் பல்லெ ஸ்டோர்ம். மனித உடலை நம்புகிறவர். எலும்பு, தசை, நிற்கும் நிலை. களிமண்ணில் மாணவர்கள் உடலையே தேடுகிறார்கள்.

நகரத்துப் பூங்காவிலும் உடல்கள். சிற்பி வீகலான் விட்டுச்சென்றவை, இருநூறுக்கும் மேல். நடுவில் ஒற்றைக்கல் தூண், 17 மீட்டர் உயரம். அதில் 121 உருவங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்றை ஒன்று பற்றி. மூன்று கல்தச்சர்கள் 14 ஆண்டு செதுக்கியது.

அத்தனை தோள்கள். அத்தனை முதுகுகள்.

அந்த ஊரில் ஒரு இளம்பெண் உடலில்லாத வடிவத்தை நினைக்கிறாள்.

*

1952. முதல் தனிக் கண்காட்சி. வயது 27.

சுருள்கள். வளைவுகள். முகம் இல்லை, கை இல்லை. எதைப் போலவும் இல்லை.

அருவச் சிற்பம் அந்த நாட்டில் அப்போது புதிது. அதைச் செய்பவர் பெண் என்பது இன்னும் புதிது.

*

ஒரு சுருளைக் கண்ணால் பின்தொடர்கிறேன். அது மேலே போகிறதா, உள்ளே போகிறதா?

கண் இரண்டையும் செய்கிறது.

*

எறும்பு ஒன்று மேசையில். சோற்றின் வாசனை தெரிந்திருக்கும்.

நிற்கிறது. திரும்பிப் போகிறது.

*

பின்னாளில் மோபியஸ் வருகிறது. வந்தபின் போகவில்லை. வெண்கலத்தில், கல்லில். சிறியதாக, பெரியதாக. ஒரு திருப்பு. கூடுதல் திருப்பு. ஒரே எண்ணம், ஆண்டுக்கணக்கில்.

அலுக்கவில்லையா என்று ஒரு நினைப்பு எழுகிறது. மூச்சும் அதேதானே என்று அடுத்தது.

இரண்டும் போகட்டும்.

*

களிமண்ணைத் தொட்ட விரல் வெண்கலத்தைத் தொடுவதில்லை.

வார்ப்பில் மெழுகு உருகி வெளியேறுகிறது. அது இருந்த இடம் வெறுமையாகக் காத்திருக்கிறது. அந்த வெறுமைக்குள் உலோகம் பாய்கிறது. பெரிய உருவமானால் மேலோட்டை மட்டும் வார்க்கிறார்கள். உள்ளே மறுபடியும் வெறுமை.

கணிதத்தின் பட்டைக்குக் கனம் கிடையாது. உட்புறம் கிடையாது. வெண்கலத்துக்கு இரண்டும் உண்டு.

இந்த இடத்தில் வெகுநேரம் நிற்கிறேன். உட்புறமே இல்லாத ஒன்றை, உட்புறம் உள்ள ஒன்றால் செய்திருக்கிறார்.

கனம். குளிர். தட்டினால் ஒலிக்கும்.

*

பட்டை ஒட்டிக்கொண்டது. பிடியை விடுகிறேன்.

பென்சிலை எடுத்து நடுவில் ஒரு கோடு. எழுத்துகளின் மேலாக, ஒரு விளம்பரத்தின் மேலாக. கையைத் தூக்கவில்லை. விளிம்பைத் தாண்டவும் இல்லை. பட்டைதான் திரும்புகிறது.

கோடு தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறேன். கோட்டுக்கு அடியில். தாளின் மறுமுகத்தில்.

நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று.

இப்போது அதே புள்ளி.

*

2012. ஜெர்மனி. காஸெல் நகரம்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் டாக்குமெண்டா. உலகம் வந்து பார்க்கும் கண்காட்சி. அங்கே அவருடைய மோபியஸ் சிற்பங்கள்.

வயது 87. முதல் கண்காட்சிக்குப் பின் 60 ஆண்டு.

'தாமதமாக வந்த புகழ்' என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டு அடிக்கிறேன். யாருடைய கடிகாரத்தில் தாமதம்?

அடித்த கோடும் தாளில் இருக்கிறது. இருக்கட்டும்.

*

2014. ஓஸ்லோவில் தேசிய அருங்காட்சியகத்தின் கண்காட்சி. வயது 89.

உடல்களின் நகரத்தில், உடலில்லாத வடிவங்கள். சுற்றி வருகிறவர்களுக்குத்தான் உடல். குனிகிறார்கள். தலை சாய்க்கிறார்கள். எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று அவர்கள் தேடியிருக்கக்கூடும்.

*

2019. வயது 94.

அவ்வளவுதான் குறிப்பு.

*

சன்னலில் வெயில் சரிகிறது. பட்டையின் நிழல் மேசையில் எட்டு போல் கிடக்கிறது. கொஞ்சம் திருப்பினால் பூஜ்யம்.

இடையில் ஏதோ ஒரு வடிவம். அதற்குப் பெயர் இல்லை.

*

கத்தரிக்கோலை எடுக்கிறேன். பென்சில் கோட்டின் வழியே வெட்டுகிறேன். மெல்ல. காகிதத்தின் கிறுகிறு.

இரண்டு வளையங்களாகப் பிரிந்து விழும் என்று கை எதிர்பார்க்கிறது.

பிரியவில்லை. ஒரே வளையம். முன்னைப்போல் இரு மடங்கு நீளம். நிறைய முறுக்கு.

விரலை ஓட்டிப் பார்க்கிறேன். இப்போது இதற்கு இரண்டு பக்கம்.