மோதிரவிரலின் அடிக்கோடு

அப்பத்தா தான் பெற்ற பிள்ளைகளை விரல்விட்டு எண்ணினாள். கட்டைவிரல் சுண்டுவிரலின் மூன்று கோடுகளையும் தொட்டது. கோட்டுக்கு ஒரு பெயர். அடுத்து மோதிரவிரலின் அடிக்கோட்டுக்கு வரவேண்டும். வரவில்லை. அதைத் தாண்டி நடுக்கோட்டில் போய் நின்று என் அப்பாவின் பெயரைச் சொன்னாள். பிறகு சித்தப்பா, கடைசியாக அத்தை. ஏழு கோடு, ஆறு பெயர்.

வம்சத்தை எழுதிவைக்கலாம் என்று சிவகங்கைப் பக்கத்து ஊர்வீட்டுத் திண்ணையில் செல்போனில் பதிவுசெய்துகொண்டிருந்தேன். "நான் பேசுறதெல்லாம் இதுக்குள்ள போயிருமாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள். பேச்சு போயிருக்கிறது. மூன்றாவது பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடைவெளிகூட அதில் இல்லை. விரலைப் பார்க்காதவர்களுக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை.

மறந்திருந்தால் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போயிருப்பாளே, தாண்டுவானேன்? தொண்ணூறை நெருங்கும் கை, நடுங்கித் தவறியிருக்கலாம் என்றும் தோன்றுகிறது.

ஆவணம் எதுவும் உதவாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அப்பா தலைமுறை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. அப்போது ஊரின் பிறப்பு இறப்பை எழுதியது கிராம முன்சீப். அந்தப் பதவியும் 1980இல் ஒழிந்தது. ஏடு எங்காவது கிடைத்தாலும், பெயரிடுமுன் பதிந்த குழந்தை வெறும் 'ஆண்', 'பெண்'தான்.

சின்ன வயதில் அந்த வீட்டுப் பரணில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. தை பிறந்தால் இறக்குவார்கள். உள்ளே பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், கருகமணி. கன்னிக்குப் படைப்பது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. பழைய பாவாடை என் தங்கைக்கு வரும். புதியது பெட்டிக்குப் போகும். வருஷா வருஷம் நாங்கள் வளர்ந்தோம். பெட்டிக்கு மட்டும் அதே அளவில்தான் துணி எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் தங்கைக்கு அது ஏறவில்லை. கன்னி யாரு என்று கேட்டால், "சாமிடா, கன்னத்துல போட்டுக்க" என்பாள் அப்பத்தா.

அத்தையிடம் போனில் கேட்டேன்: "பெட்டியில இருக்கது அப்பத்தா பெத்த பிள்ளையா அத்தை?"

"இருக்கும்டா. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து பெட்டி இருக்கு."

அத்தை கடைக்குட்டி. அவளுக்கு விவரம் தெரியுமுன் எதுவும் நடந்திருக்கலாம்; அப்பத்தா அந்த வீட்டுக்கு மருமகளாக வருமுன்பேகூட நடந்திருக்கலாம். பதிலையும் நானே சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன் என்பது வேறு.

எப்போதோ படித்த, அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நினைவுக்கு வந்தது, 1976இல் வந்த புத்தகம். பாட்டிமார் சொன்ன சில சொற்களைப் பிடித்துக்கொண்டு அவர் காம்பியாவின் ஜுஃபுரே கிராமம்வரை போகிறார். அங்கே ஒரு முதியவர் குலக்கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, ஹேலி தேடிவந்த மூதாதையான, காணாமல்போன குந்தா கிந்தேயில் நிற்கிறார். அந்த இடத்தில் எனக்குச் சிலிர்த்தது. ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது முதியவருக்கு முன்பே தெரியும் என்று 1981இல் டொனால்ட் ரைட் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். முதியவர் பொய் சொன்னார் என்று எனக்குப் படவில்லை. கடல் தாண்டி வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வந்திருக்காது. அத்தையின் "இருக்கும்டா"வும் அந்த ஜாதிதான்.

அந்தக் கோட்டுக்குரிய பிள்ளை செத்ததாகவே நான் ஏன் முடிவுகட்டினேன்? பிள்ளையில்லாத உறவுக்குச் சுவீகாரம் கொடுத்திருக்கலாம். ஆகாத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டதற்காகத் தலைமுழுகியிருக்கலாம். அப்படியென்றால் எனக்கு ஒரு பெரியப்பாவோ பெரிய அத்தையோ எங்கோ பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். அவர்களைத் தேடுவதில் ஒரு நியாயம் உண்டு. கன்னிதான் என்றால் அந்த நியாயம் இல்லை. சாமியாக்கிக் கும்பிட்டு ஆறிய ஒன்றை, எழுதிவைக்கிறேன் பேர்வழி என்று மறுபடி பிள்ளையாக்கி அப்பத்தாவின் மடியில் கிடத்துவதாக ஆகும். எது என்று தெரிந்துகொள்ளவோ, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தம்பி மகள் குடும்ப வரைபடத்தைக் கணினியில் போட்டுத் தருகிறாள். "உங்க அப்பத்தாவுக்கு எத்தனை பிள்ளைங்க பெரியப்பா?" என்றாள். ஆறு என்று போடச் சொன்னேன். மறுநாள் கூப்பிட்டு, கொஞ்சம் பொறு என்றேன். அப்பத்தா இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று ஒரு மனது. அவள் இருக்கும்வரை கேட்கவே கூடாது என்று ஒரு மனது. இதுவரை நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.