அழுத மரமும் நம் வீட்டு மரமும்

மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்ட ஆரம்ப நாட்களில் அதன் தூண்கள் பேரீச்ச மரத் தண்டுகள். கூரை பேரீச்ச ஓலை. அவற்றுள் ஒரு தண்டின் அருகே நின்றுதான் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் குத்பா ஓதி வந்தார்கள். பிறகு அவர்களுக்காக மிம்பர் ஒன்று செய்து வைக்கப்பட்டது. ஜும்ஆ நாளில் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் ஏறி அமர்ந்ததும் பள்ளிக்குள் ஓர் அழுகுரல் எழுந்தது. அழுதது அந்தக் காய்ந்த தண்டு!

பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரை விட்டு இறங்கி வந்து அதை அணைத்துக் கொண்டார்கள். தேற்றப்படும் குழந்தை விம்மி விம்மி அடங்குவதுபோல் அது அடங்கிற்று. தன்னருகே கேட்டு வந்த திக்ரை இழந்ததால் அது அழுதது என்று விளக்கமும் தந்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதைச் சொல்லும்போதெல்லாம் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் அழுவார்களாம். ஒரு மரக்கட்டைக்கே இத்தனை ஏக்கமென்றால், ஏங்க வேண்டியவர்கள் நாமல்லவா என்பது அவர்களின் கேள்வி.

அன்பர்களே! வேரற்றுக் காய்ந்த மரத்துக்கே இந்த உணர்வு என்றால், நம் வாசலில் பச்சையாய் நிற்கும் வேம்பை நாம் என்னவென்று எண்ணியிருக்கிறோம்? மரங்களும் ஸுஜூது செய்கின்றன என்று ஸூரத்துர் ரஹ்மான் அறிவிக்கிறது. தஸ்பீஹ் செய்யாத பொருள் எதுவுமில்லை. அதை விளங்கிக்கொள்ளாதவர்கள் நாம்தாம் என்கிறது மற்றோர் ஆயத்து. பாங்கொலி எட்டும் தூரம்வரை அதைக் கேட்கும் ஒவ்வொரு பொருளும், அதைச் சொன்னவருக்காகக் கியாமத் நாளில் சாட்சி சொல்லும் என்பது ஹதீஸ். தல்பியா சொல்லும் ஹாஜிக்கு வலமும் இடமும் உள்ள கற்களும் மரங்களும் சேர்ந்து தல்பியா சொல்கின்றன என்பதும் ஹதீஸே. ஆக, மரம் நமக்கு நிழல் தரும் பொருள் மட்டுமல்ல. ஒரே ரப்பைத் துதிக்கும் கூட்டாளி.

இவ்வுறவுக்கு ஓர் எல்லையும் உண்டு. ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் ஒரு மரத்தடியில்தான் பைஅத்துர் ரிள்வான் நடந்தது. அம்மரம் ஸூரத்துல் ஃபத்ஹிலேயே குறிப்பிடப்படுகிறது. ஆயினும் மறு ஆண்டு அங்கே சென்ற ஸஹாபாக்களுக்கு அது எந்த மரம் என்றே தெரியாமற் போயிற்று. நேசிக்க வேண்டும், வணங்கக் கூடாது. மரமே ஸுஜூது செய்துகொண்டிருக்க, அதற்கு நாம் ஸுஜூது செய்வதெப்படி?

நேசம் எப்படியிருக்க வேண்டும் என்பதையும் நாயகம் (ஸல்) அவர்களே காட்டினார்கள். அடிமையாயிருந்த ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் விடுதலைக்கு எஜமானன் விதித்த விலையில் 300 பேரீச்சங் கன்றுகளை நட்டுக் கொடுப்பதும் ஒன்று. தோழர்கள் இயன்ற மட்டும் கன்றுகள் கொண்டுவந்தார்கள். குழி தோண்டவும் உதவினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் முபாரக்கான கரத்தால் அவற்றை நட்டார்கள். ஒரு மனிதரின் விடுதலை கன்றுகளாக மண்ணில் வேரூன்றிற்று!

நாமோ, வாசலில் சருகு விழுகிறதென்று மரத்தை வெட்டுகிறோம். தேவைக்கு வெட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் துடைப்பம் எடுக்கச் சோம்பி வெட்டுவது தேவையாகுமா? தாயும் தகப்பனும் வைத்த மரமாயிருந்தால், அதன் கனியைப் பறவை தின்றாலும் அவர்களுக்கு ஸதகாவின் நன்மை சேருமே! மௌத்தாகிவிட்ட அவர்களுக்குப் போய்ச் சேரும் நன்மையையல்லவா நம் கோடரி நிறுத்துகிறது?

ஒளூச் செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் வாழைக்கும் முருங்கைக்கும் பாயட்டும். பிள்ளைகள் கையால் ஒரு கன்று நடச் செய்து, பிஸ்மி சொல்லித் தண்ணீர் ஊற்றப் பழக்குவோம். ஸுபுஹுக்குப் பின் அந்த மரத்தடியில் அமர்ந்து சிறிது நேரம் திக்ரு செய்வோம். நம் வீட்டு மரம் தினமும் என்னென்ன கேட்கிறது? திக்ரையா, புறம் பேசுவதையா? நாம் இல்லாத நாளில், அது ஏங்கும்படி எதைக் கேட்கச் செய்திருக்கிறோம்?

கியாமத் வந்துவிடினும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத்து நாம். வல்ல ரஹ்மான் நம் கரங்களால் நிழலை வளர்த்து, தன் அர்ஷின் நிழலை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.