வாயில்லாப் பிராணியின் வலி

வலிக்கிறது என்று சொல்லக் குதிரைக்கு வாயில்லை. ஏறக்குறைய 500 கிலோ எடையை மெலிந்த நான்கு கால்கள் தாங்கி ஓடுகின்றன. ஆகவே நல்ல பயிற்சியாளர் நாள்தோறும் விடியற்காலையில் அக்கால்களைத் தடவிப் பார்ப்பார். சூடோ வீக்கமோ கண்டால் ஓட விடமாட்டார். தீனியை மிச்சம் வைத்தாலும் கவனிப்பார். குதிரையால் வாந்தி எடுக்க இயலாதாகையால் வயிற்றுவலி அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலி தீர மருந்து கொடுப்பது நன்மைதானே என்று சிலர் கேட்கலாம். மருந்தோடு ஓய்வும் கொடுத்தால் அது வைத்தியம். மருந்து கொடுத்துப் பந்தயத்தில் விட்டாலோ, காயம் அப்படியே இருக்க, அதை அறிவிக்கும் வலி மட்டும் அடங்குகிறது. குதிரை முழு வேகத்தில் ஓடிக் காலை முறித்துக் கொள்ளவும் கூடும். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்டகி டெர்பியில் முதலாவதாக வந்த டான்சர்ஸ் இமேஜ் என்னும் குதிரையின் உடலில் பினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து இருந்ததாகச் சோதனை கூற, முதல் பரிசு பறிக்கப்பட்டது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது.

பணம் கொடுப்பவர் முதலாளி. அவர் "ஓட விடு" என்றால் என் செய்வது? முதலாளிக்கு வேறு பயிற்சியாளர் கிடைப்பார். பயிற்சியாளருக்கு வேறு முதலாளி கிடைக்கலாம். குதிரைக்கோ வேறு கால்கள் இல்லை. ஆதலால் "இன்று முடியாது" என்று சொல்வதே அவர் கடமை.

சிங்கப்பூரில் 180 ஆண்டுகளுக்கு மேல் நடந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சியில் முடிவுற்றது. பந்தயம் நின்றாலும் குதிரையின் பசி நிற்பதில்லை. வென்ற நாளில் தட்டிக் கொடுத்த கை, ஓட இயலாத நாளிலும் அதற்கொரு நல்ல இடம் தேடித் தரவேண்டும் அன்றோ!