மூத்த முகத்தின் அலங்காரம்

பனியன் கம்பெனிகளில் கைமடி வேலையிலும் செக்கிங் மேஜையிலும் தன் யௌவனம் முழுவதையும் கழித்து, இப்பொழுது ஐம்பதைக் கடந்துவிட்ட ஒரு பெண், சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்த மாலையில் திருப்பூர் ஃபேன்ஸி ஸ்டோர் ஒன்றின் முன்னே நின்று, மகளின் கல்யாணத்துக்குத் தன் முகத்தில் பூசிக்கொள்ளத் தக்க பிரைமர் எது, சுருக்கங்களில் போய்ப் படியாத பவுண்டேஷன் எது என்று விசாரிப்பாளாயின், அந்த எளிய விசாரணைக்குள் ஒரு தர்மப் பிரச்சினையும் அடங்கியிருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. காலம் வந்து அமர்ந்துவிட்ட முகத்தின்மேல் வேறொரு தோற்றத்தைப் பூசுவது சத்தியத்துக்கு விரோதமாகாதா என்பதே அந்தப் பிரச்சினை. இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. ‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?’ என்று உறவினர் கேட்பது ஒன்று. வயதே இல்லாமற்போய்விடும் என்று விளம்பரம் வாக்களிப்பது மற்றொன்று. இரண்டும் வயதை ஓர் அவமானமாகவே கொள்கின்றன ஆதலால், இரண்டையும் ஒதுக்கிவிட்டு இந்த விஷயத்தை முதலிலிருந்து ஆராய வேண்டியிருக்கிறது.

அலங்காரத்தை ஆட்சேபிப்பவர்கள் பக்கத்தில் கனமான சாட்சியங்கள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நாலடியாரும் திருமந்திரமும் இளமை நிலையாமைக்கென்று தனித்தனியே ஒரு பகுதியை வகுத்திருக்கின்றன. காரைக்கால் அம்மையார், தம் கணவன் வேறொருத்தியை மணந்து வாழ்வதைக் கண்டதும், அவன்பொருட்டுத் தாம் சுமந்திருந்த வனப்பை இனிச் சுமக்க வேண்டுவதில்லையென்று இறைவனை வேண்டிப் பேயுருவம் பெற்றார். கல்யாணத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த வேளையில் விநாயகரை வேண்டி முதுமையை வரமாகப் பெற்றுக்கொண்ட ஔவையின் கதையோ தமிழ்நாட்டில் குழந்தைகளும் அறிந்தது. ஆயினும் இவர்கள் இருவரும் துறந்தது தங்களிடம் இருந்ததை, துறந்தது தங்கள் இச்சையால், கேட்டது இறைவனிடம். துறவு என்பது ஒருவர் தாமே ஏற்கும் விரதமேயன்றி, பிறர் ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு அதற்கு வைராக்கியம் என்று பெயரிடக்கூடிய பொருள் அன்று. மேலும், நிலையாமையை அவ்வளவு அழுத்திச் சொன்ன அதே திருமூலர், உடம்பை இழிவாக எண்ணியிருந்த தாம் அதனுள்ளே இறைவன் குடியிருப்பதை உணர்ந்தபின் அதைப் பேணலானதாகவும் சொல்லியிருக்கிறார். அநித்தியமான பொருளைப் பேணுவது அறியாமை என்பது அவருடைய முடிவானால், அந்தப் பாடல் பிறந்திராது.

இந்தப் பிரச்சினைக்கு வேண்டிய வெளிச்சம் திருப்பூருக்கு வடமேற்கே சில கல் தொலைவிலுள்ள அவிநாசியிலேயே கிடைக்கிறது என்பது என் எண்ணம். பழைய பெயரால் திருப்புக்கொளியூர் என்று வழங்கிய அத்தலத்துக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வந்தபோது, வீதியில் ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலியும், எதிர்வீட்டில் அழுகையொலியும் எழுந்தன. ஐந்து வயதில் ஒன்றாகக் குளிக்கச் சென்ற இரண்டு சிறுவரில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டதென்றும், தப்பியவனுக்கே இன்று பூணூல் கல்யாணம் என்றும், விழுங்கப்பட்டவனைப் பெற்றவர்களே அழுகின்றனர் என்றும் அங்கிருந்தோர் கூறினார்கள். இதைக் கேட்டு அவர் இரங்கி நிற்கையில், அவர் வந்திருப்பதை அறிந்த அந்தப் பெற்றோர்கள் தங்கள் துயரத்தை அகற்றி, மலர்ந்த முகத்தோடு எதிர்வந்து வணங்கியதாகச் சேக்கிழார் பாடுகிறார். மகனை இழந்தவர் நீங்கள்தாமா என்று அவர் வினவியபோதும், அது முன்பே நிகழ்ந்து கழிந்தது என்றும், அவரைக் காண வேண்டுமென்று நெடுநாளாகக் கொண்டிருந்த ஆசை வீண்போகவில்லை என்றும் அவர்கள் விடையளித்தார்களே தவிர, வந்தவரிடம் தங்கள் துக்கத்தை இறக்கிவைக்கவில்லை.

சற்று முன்வரை அழுத முகம் மலர்ந்த முகமாக வந்து நின்றதே, அது பொய்யா? பொய்யென்று சொல்ல எந்தச் சைவருக்கும் நா எழாது. எதிரே நிற்பவருக்குத் தகுந்தவாறு தன் முகத்தை ஆயத்தம் செய்துகொள்வது உபசாரம். அது எவரையும் ஏமாற்றி எதையும் பறித்துக்கொள்வதில்லை. பொய்யின் தாத்பரியம் பிறரை வஞ்சித்துத் தான் பெறும் லாபத்தில் இருக்கிறது. உபசாரத்தின் தாத்பரியமோ பிறருக்குத் தன்னைச் செம்மையாக அளிப்பதில் இருக்கிறது. கல்யாண வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரையும் ஊராரையும் கைகூப்பி வரவேற்க வேண்டிய தாய், தூக்கமின்மையாலும் நெடுநாளைய உழைப்பாலும் கறுத்துப்போன கண்ணிமைகளைச் சற்றுத் தெளிவாக்கிக்கொண்டு நிற்பதை நான் அந்தப் பெற்றோரின் மலர்ச்சிக்குப் பக்கத்திலேயே வைப்பேன்.

அந்தச் சரித்திரத்தின் பிற்பகுதி இதைவிடவும் ஆழமானது. சுந்தரர் பதிகம் பாட, முதலை கரைக்கு வந்து பிள்ளையை உமிழ்ந்தது. ஆனால் வெளிவந்தவன் விழுங்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் அல்லன். இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சி அனைத்தையும் உடலில் பெற்றவனாக, எதிர்வீட்டுத் தோழனுக்கு ஒத்த பருவத்தினனாக அவன் வந்தான். உயிரையே மீட்டுத் தர வல்ல இறைவனுக்கு அந்த ஆண்டுகளைத் துடைத்துவிட்டுப் பழைய குழந்தையையே கையில் தருவது அரிதாகுமா? அப்படிச் செய்யாமல், இழந்த காலத்தையும் சேர்த்தே தந்தான் என்றால், கழிந்த வருஷங்கள் உடலில் தங்குவது அருளின் ஓர் அங்கமே என்றுதான் நான் கொள்கிறேன். ஆகவே வயதை இல்லாததாக்க முயல்வது ஒன்று. வந்த வயதோடு நாலுபேர் முன் நன்றாக நிற்க விரும்புவது வேறொன்று. முன்னதே சத்தியத்துக்கு விரோதம்.

இந்த வேறுபாடு வெறும் தத்துவ விசாரமாக நின்றுவிடாமல் கடைப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் காரியத்திலேயே பிரத்தியட்சமாக விளங்குவதால், அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் இளமை கடந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துவருகிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் மட்டும் அது சுமார் 30 சதவீதம் குறைவதாக மருத்துவர் கூறுவர். எண்ணெய்ச் சுரப்பும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் சக்தியும் உடன் குறைகின்றன. இருபது வயது முகத்தில் பூவின் மகரந்தம்போல் நின்ற அதே பவுடர், ஐம்பது வயது முகத்தில் ரேகைகளுக்குள் இறங்கிக் கோடு கோடாய்த் தெரிவதற்குக் காரணம் இதுதான். பிரைமர் என்பது பெரும்பாலும் டைமெத்திகோன் முதலான சிலிகோன்களால் ஆனது. தோலுக்குள் ஊறாமல் மேலே மெல்லிய படலமாகப் பரவிச் சிறு பள்ளங்களை நிரவி, மேலே வரும் பூச்சுக்குச் சமதளம் அமைத்துத் தருவது. பின்னிவந்த கிரே துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துப் பஞ்சின் இயற்கை மெழுகை நீக்காமல் சாயத்தில் இறக்கினால் நிறம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும் என்பதைச் சாயப்பட்டறையில் ஒரு மாதம் வேலை பார்த்தவனும் அறிவான். முகத்திலும் அடிப்படை ஆயத்தமே பாதி வேலை.

எண்ணெய் வடியும் இளந்தோலுக்கென்று செய்த, பளபளப்பை உறிஞ்சும் ‘மேட்’ வகைப் பிரைமர் முதிர்ந்த தோலுக்கு ஆகாது. இருக்கிற ஈரத்தையும் அது வாங்கிக்கொண்டுவிடும். கிளிசரினோ ஹயலூரானிக் அமிலமோ சேர்ந்த வகையே ஏற்றது. முகத்தைக் கழுவி, மாய்ஸ்சரைசர் தடவி, அது ஊறும்வரை சில நிமிஷம் பொறுத்தபின், பட்டாணியளவு பிரைமரை மூக்கின் பக்கங்களிலும் வாயோரத்திலும் நெற்றியிலும் மட்டும் ஒற்றினால் போதும். சிலிகோன் பிரைமரின்மேல் சிலிகோன் பவுண்டேஷன், நீர் வகையின்மேல் நீர் வகை என்று பொருத்தம் பார்க்காவிட்டால் பூச்சு திரிதிரியாக உருண்டுவரும். பவுண்டேஷனை ஈர ஸ்பாஞ்சால் மெல்லியதாக ஒற்றி, பவுடரை நெற்றியோடும் மூக்கோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கன்னத்துக்குத் தூளைவிடக் கிரீம் வகை நல்லது. மினுக்கும் துகள்கள் சுருக்கங்களை எடுத்துக் காட்டும். எந்தப் புதுப் பொருளையும் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்த பின்பே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தினந்தோறும் வெயிலில் கம்பெனிக்குப் போய்வருகிறவர்களுக்கு மங்கு விழாமலிருக்க எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், மற்றெல்லாப் பூச்சைக் காட்டிலும் முக்கியம். கல்யாணத்தன்று மட்டும், துத்தநாகம் அல்லது டைட்டானியம் மிகுந்த சன்ஸ்கிரீன் புகைப்பட வெளிச்சத்தில் முகத்தை வெளுப்பாகக் காட்டக்கூடும் என்பதை நினைவில் வைக்கலாம்.

இவ்வளவையும் நான் விவரித்ததன் கருத்து ஒன்றே. இவற்றில் எதுவும் தன் வயதைத் தானே ஒப்புக்கொள்ளாதவளுக்குப் பயன்படாது. தன் தோல் வறண்டிருக்கிறது, மெலிந்திருக்கிறது, வாயோரம் தளர்ந்திருக்கிறது என்று கண்ணாடி முன் அமைதியாக ஏற்றுக்கொண்டவளே சரியான பொருளைத் தேர்ந்தெடுக்க வல்லவள். இருபது வயதை வரவழைக்க நினைத்துப் பருமனாகப் பூசியவளின் பூச்சு, முகூர்த்தம் முடிவதற்குள் சிரித்த இடமெல்லாம் வெடித்துவிடும்.

மெய்யான அசத்தியம் வேறிடத்தில் இருக்கிறது. அது ஒரே வாரத்தில் சிவப்பாக்குகிறேன் என்று சொல்லி விற்கும் கிரீமில் இருக்கிறது. அத்தகைய பலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது; 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெளுப்பாக்கும் கிரீம்களைத் தடவியவர்கள் சிறுநீரக நோய்க்கு ஆளானதை மருத்துவர்கள் கண்டறிந்து தெரிவித்தார்கள். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள், தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பொதுவாகப் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேற்படலாகாது என்கின்றன. வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது; அது முன்பே மெலிந்துவிட்ட முதிய தோலை இன்னும் மெலிவிக்கும். தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் அச்சிடப்படாத டப்பாவை, எவர் எவ்வளவு பரிவோடு எடுத்துக் கொடுத்தாலும், தொடாதீர்கள். பிறந்த நிறத்தைக் குற்றமென்று ஒருத்தியை நம்பவைத்து, அந்த நம்பிக்கையின்மேல் விஷத்தை விற்பதற்குப் பொய் என்ற சொல்லும் போதாது.

மூத்த பெண்ணின் அலங்காரத்தை ஆட்சேபிக்கிறவர்கள் பலருடைய மனத்தில் வாஸ்தவத்தில் இருப்பது சத்தியத்தைப் பற்றிய கவலை அன்று. அலங்காரம் புருஷனுக்காக மட்டுமே என்னும் பழைய எண்ணம். கணவன் ஊரில் இல்லாதபோது மனைவி சரீர அலங்காரத்தையும் சிரிப்பையும் விழாக்களுக்குப் போவதையும் விட்டுவிட வேண்டும் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி விதிக்கிறது. விதவையிடமிருந்து மஞ்சளையும் பூவையும் பறித்ததும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான். ஆனால் வால்மீகி காட்டும் அனசூயை இந்த வரம்புக்குள் அடங்காதவள். தலை நரைத்து, தோல் சுருங்கி, காற்றில் வாழைபோல் உடல் நடுங்க அமர்ந்திருந்த அந்தத் தபஸ்வினி, வனத்துக்கு வந்த சீதைக்குத் தந்தவை வாடாத மாலையும் ஆடையும் ஆபரணமும் மேனிப் பூச்சும். தந்ததோடு நில்லாமல், என் கண்ணெதிரே இவற்றை அணிந்துகொள் என்றும் கேட்டாள். தவத்தாலும் வயதாலும் முதிர்ந்தவளுக்கு அலங்காரம் தவத்தின் பகையாகத் தோன்றவில்லை. ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குச் செய்யும் அன்பாகத் தோன்றியது.

இன்னொன்றையும் இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளின் நூல் மில்கள் பல, சுமங்கலித் திட்டம் என்ற பெயரால், கல்யாணமாகாத கிராமத்துப் பெண்களை ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. கல்யாணச் செலவுக்கு உதவும் தொகை ஒப்பந்த முடிவில் மொத்தமாகத் தரப்படும் என்றன. இடையில் நோயுற்று வெளியேறியவர்களில் அதை இழந்தவர் உண்டு. பஞ்சுத் தூசியிலும் இரவு ஷிப்டுகளிலும் இளமையைக் கொடுத்த அப்பெண்களில் பலர் இன்று மத்திம வயதை அடைந்திருக்கின்றனர். அவர்களுடைய யௌவனத்துக்கு விலை நிர்ணயித்தபோது அதன் அநித்தியத்தைப் பற்றி எவரும் உபதேசம் செய்யவில்லை. அவர்கள் தங்களுக்கென்று ஒரு சிறு டப்பா வாங்கும்போது மட்டும் அந்த உபதேசம் எழுவதை நான் நியாயமென்று ஒப்புக்கொள்ளேன். எனவே கல்யாணத்துக்கு மேக்கப் கலைஞரை அமர்த்துகிறவர்கள் மணமகளுக்கு மட்டும் பேசி முடித்துவிடாமல், தாய்க்கும், அவள் கணவனை இழந்தவளானாலும், அரை மணி நேரத்தைச் சேர்த்துப் பேச வேண்டும். அவள் தோலுக்கு ஏற்ற பொருளையே கொண்டுவரும்படி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அவள் கூச்சப்பட்டு வேண்டாமென்றால் ஒருமுறைக்கு இருமுறை கேட்க வேண்டும்.