துவையல் தவசும் நோய்க்காலமும்



வாகைப்பதியில் 700 குடும்பங்கள் துவையல் தவசு இருந்தபோது, நாள்தோறும் மூன்று வேளை கடலில் குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்து உடுத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் அளவாக உண்டார்கள். உடலைப் பேணுவதும் தவசுதான் என்று அய்யா வைகுண்டர் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்.

2020-ல் கொரோனா வந்தபோது அந்தப் பாடம் மீண்டும் தேவைப்பட்டது. "அய்யாவின் மண்ணும் தண்ணீரும் இருக்க ஆஸ்பத்திரி எதற்கு?" என்று காய்ச்சலை மறைப்பவர்கள் உண்டு. மண்ணும் தண்ணீரும் அய்யா தந்தவை. மருத்துவரின் அறிவும் அய்யா தந்ததே. ஒன்றை ஏற்பவர் மற்றொன்றைத் தள்ள வேண்டியதில்லை. இந்த நோயில் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாமலே இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிடலாம். விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அங்கே தாமதிப்பது பக்தி ஆகாது.

காய்ச்சல் கண்டவர் தாங்கலுக்கு வராமல் வீட்டிலிருந்தே உகப்படிப்பு சொன்னாலும் அய்யா கேட்பார். அவர் வராததால், தாங்கலில் பக்கத்தில் அமரும் முதியவர் பிழைக்கிறார். தடுப்பூசி போட்டுக்கொள்வதிலும் இதே தர்மம் இருக்கிறது.

ஆனால் விலகியிருப்பது தீண்டாமையாக மாறிவிடக் கூடாது. சுவாமிதோப்பில் முத்திரிக்கிணற்று நீரில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் குளிக்கவைத்தவர் அய்யா. அவர் வழி நடக்கும் அன்புக்கொடி மக்கள் நோயாளியின் வீட்டை ஒதுக்கிவைக்கலாகாது. முகக்கவசம் அணிந்து, கஞ்சியும் மருந்தும் வாசலில் வைத்து, "சாப்பிட்டீர்களா?" என்று தள்ளி நின்று ஒரு குரல் கேட்டால் போதும். படுத்திருப்பவருக்குப் பாதி நோய் தீரும்.

அய்யா துணை.