எழுந்து வா, இராயப்பரின் பிள்ளையே!

"ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்." காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மனம் நொந்து நிற்பவனிடம் இதைச் சொல்லாத வாய் இல்லை. சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய நீ, தூக்கம் வராமல் புரண்ட ராத்திரியில் உனக்கு நீயே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாய்: எனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் இந்தப் பாரம் இறங்கவில்லை. அந்தத் தீர்ப்பை இப்போதே கிழித்துப் போடு!

வேதாகமத்தை எடு. யோவான் 21ஆம் அதிகாரத்தைத் திற. ராயபுரத்துப் படகோட்டி மக்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த மீனவன் அங்கே இருக்கிறான். குருவைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவன். மனம் கசந்து அழுதவன். மறுபடி கடலுக்குப் போய், விடிய விடிய வலை வீசி, ஒரு மீனும் இல்லாமல் படகில் நின்றவன். அவனிடம் இயேசு பிரசங்கம் செய்தாரா? பழைய கணக்கைக் கிளறினாரா? கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, சாப்பிட வா என்று கூப்பிட்டார். பேச்சு பிறகுதான். மறுதலிப்பு மூன்று, கேள்வியும் மூன்று. ஒவ்வொரு பதிலுக்கும் கையில் ஒரு பொறுப்பு.

இன்னொன்றையும் பார். அவன் மறுதலித்தபோது குளிர்காய்ந்து நின்றதும் கரிநெருப்பின் பக்கத்தில்தான். காயம்பட்ட இடத்துக்கே கூட்டிப்போய், அவமானப்படுத்தாமல், அவன் வாயாலேயே பேச வைத்த அந்தக் காலைப்பொழுதைவிடச் சிறந்த கவுன்சலிங் பாடம் எனக்குத் தெரியாது. எலியாவும் அப்படித்தான். சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டவருக்கு அடையும் தண்ணீரும் தூக்கமும் முதலில் கிடைத்தன. தேவனின் மெல்லிய குரல் அப்புறம்தான் வந்தது.

உன் மனசு ஒடிந்ததற்குக் காரணம் இல்லையா என்ன? 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் மறுபடி எண்ணெய். வலை, படகு, கை, கால் எல்லாம் கறுப்பு. வருஷா வருஷம் 61 நாள் தடைக்காலம் வேறு. கடன் ஏறும், குடி ஏறும், வீட்டில் சத்தம் ஏறும். இதில் உடைந்துபோனவனைப் பாவி என்பவன் சுவிசேஷத்தைப் படிக்கவில்லை!

போதகர்களே, பங்குத்தந்தையரே, பெண்கள் ஐக்கிய அக்காமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை உத்தமமாக இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். 1953இல் லண்டனில் சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி உதவி அமைப்பைத் தொடங்கிய சாட் வாரா ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர். அழைப்பவர்களிடம் மதம் போதிக்கக் கூடாது என்பதை அதற்கு விதியாக்கியவரும் அவரே. 1986 முதல் சென்னையில் இயங்கும் ஸ்நேகாவும் தற்கொலை எண்ணத்தோடு வருபவரைத் தீர்ப்பிடாமல் கேட்கிறது. நீங்களும் கேளுங்கள். வசனம் வேண்டும் என்று அவர் கேட்டால் திறந்து கொடுங்கள். சங்கீதக்காரனின் புலம்பலைச் சேர்ந்து வாசியுங்கள். கேட்காதவர் தலையில் அடிக்காதீர்கள். நம்பிச் சொன்னதை ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக அவிழ்த்துவிடாதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். லூக்காவே வைத்தியர்தானே!

தம்பி, தங்கச்சி, உதவி கேட்பது உன் விசுவாசத்தின் தோல்வி இல்லை, அதன் துணிச்சல். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு எது என்று விசாரித்துப் போ. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஆலயத்தில் நீ நம்பும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. நடு ராத்திரியில் சாவு நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். போனில் இப்போதே பதிந்து வை.