கலப்படக் கருணை

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். முதல்நாள் இரவு நல்ல மழை; கரை வழுக்கிற்று. தண்ணீரில் இடுப்பளவு நின்ற மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் சுள்ளி சேர்த்துக்கொண்டிருந்தன. இந்த நாரையின் அலகை நீங்கள் பார்க்க வேண்டும். மூடினாலும் நடுவில் சந்து தெரியும். கொல்லன் கவனக்குறைவாக அடித்துவிட்ட இடுக்கியோ என்று தோன்றும். அந்தக் கோணல் அலகை வைத்துக்கொண்டுதான் அது நத்தையைப் பிடித்து வயிறு வளர்க்கிறது.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தப் பறவைகளைச் சுட்டார்களாம். ஊரார் போய் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புக்குக் கௌல் வாங்கினார்கள் என்று சொல்வார்கள். ஜீவகாருண்யத்துக்கு உதாரணமாக இதை நான் பல கூட்டங்களில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

கரையில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர் ஒருவரிடம் அதையே சொன்னேன். அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை.

"பட்சிங்க எச்சம் விழற தண்ணிங்க இது. வயலுக்குப் பாய்ச்சினா எருவே வேணாம்" என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்போ, அதுக்காகத்தான் காப்பாத்தறீங்களா?"

"எதுக்காகன்னு ஒண்ணைச் சொன்னாத்தான் ஆச்சுங்களா? அதுங்க வருதுங்க, நாங்க இருக்கோம்." மதகைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆதாயம் கலந்த கருணை கருணைதானா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஏழைப் பையன் ஒருவனுக்கு இரண்டு வருஷம் கல்லூரிச் சம்பளம் கட்டிவந்தேன். ஜூன் மாதம் அவனும் தாயாரும் வந்து கைகூப்பி நிற்பார்கள். மூன்றாம் வருஷம், அந்த நாளுக்காக நான் சலவை வேட்டி எடுத்து வைத்துக் காத்திருப்பதைக் கண்டுகொண்டேன். சீ, இது தர்மமா, தற்பெருமையா என்று என்மேலேயே அருவருப்பு வந்தது. நிறுத்திவிட்டேன். அதை நேர்மை என்றுகூட நினைத்தேன். என் மனச்சாட்சி சுத்தமாயிற்று. பையன் படிப்பை விட்டுவிட்டு மளிகைக்கடையில் பருப்பு நிறுக்கப் போனான்.

மறுபடி தூறிற்று. நீர்க்காகங்கள் உலர்த்த விரித்த இறகை மடக்காமல் அப்படியே நின்றன. குடை எடுத்துவரவில்லை, எதிரே ஒதுங்க இடமும் இல்லை. நனைந்துகொண்டே நடந்தேன்.

அவன் எந்தக் கடையில் இருக்கிறான் என்று விசாரிக்க வேண்டும். மேலே படிக்கிறாயா என்று கேட்க வேண்டும். கேட்டால் அதிலும் எனக்கு ஒரு மனநிறைவு கிடைக்கும். கிடைத்துத் தொலையட்டும்.